கோழி இறகு நிறம்: எந்த ஜோடிக்கு எந்த நிறக் குஞ்சு?

நீலச் சாம்பல் சேவலோடு அதே நிறப் பெட்டையைச் சேர்த்தால் குஞ்செல்லாம் சாம்பலாக வரும் என்றுதான் புதியவர்கள் எதிர்பார்ப்பார்கள். பொரித்ததும் பார்த்தால் கருப்பு, சாம்பல், வெளிறியது என மூன்று நிறமும் இருக்கும். முட்டை மாறவில்லை. அந்த நிறம் அப்படித்தான் இறங்கும். நிறக் கணக்கைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

படி 1: நீலத்தில் தொடங்குங்கள்

கருப்புக் கோழியிடம் நீல மரபணு ஒன்று இருந்தால் அது நீலச் சாம்பல். தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று என இரண்டு சேர்ந்தால் வெளிறிய உடலில் கருநீலத் திட்டுகள் விழும். அதை ஸ்பிளாஷ் என்பார்கள்.

சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் சராசரியாக 25% கருப்பு, 50% சாம்பல், 25% ஸ்பிளாஷ். கருப்பும் ஸ்பிளாஷும் சேர்ந்தால் அத்தனையும் சாம்பல். சாம்பல்தான் வேண்டுமென்றால் நான் இந்த இரண்டாவது ஜோடியைத்தான் சொல்வேன். ஆண்டலூசியன் இனத்து நீலக் கோழிகளிலும் இதே கணக்குதான்.

படி 2: பழைய சேவலை விலக்கிக் காத்திருங்கள்

கணக்கு சரியாக இருந்தும் விடை தப்புவது பெரும்பாலும் இங்கேதான். சேவலைப் பிரித்த பிறகும் பெட்டையின் உடலுக்குள் விந்து உயிரோடு தங்கும். முட்டைப்பாதையில் அதற்கென்றே நுண்ணிய குழாய்கள் உண்டு. இரண்டு வாரம் வரை கருக்கூடிய முட்டை வருவது சாதாரணம், சில பெட்டைகளில் மூன்று வாரமும் ஆகும். இன்று சேவலை மாற்றிவிட்டு நாளை மறுநாள் முட்டை எடுத்தால் குஞ்சுக்குத் தகப்பன் யாரென்று சொல்லவே முடியாது.

அதனால் மூன்று வாரம் சேவலே இல்லாமல் விடுங்கள். நான் நான்கு வாரம் விடுவேன். பிறகு புதுச் சேவலை விட்டு, ஒரு வாரம் கழித்து முட்டை சேகரிக்கத் தொடங்குங்கள்.

படி 3: முட்டையிலேயே குறியுங்கள்

பெட்டையின் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், மை வேண்டாம். இன்குபேட்டரில் 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தும்போது, ஒவ்வொரு பெட்டையின் முட்டைகளையும் தனித்தனி வலைப்பைக்கு மாற்றிவிடுங்கள். 21ஆம் நாள் குஞ்சுகள் கலக்காது. காலுக்குச் சுருள் வளையம்தான் நல்லது. பிளாஸ்டிக் கட்டு (கேபிள் டை) போடவே போடாதீர்கள். கால் பருக்கப் பருக்க அது சதையில் இறங்கிவிடும். சுருள் வளையத்தையும் வாரம் ஒருமுறை பார்த்து, இறுகும் முன் பெரியதாக மாற்ற வேண்டும்.

படி 4: வெள்ளை எந்த வெள்ளை?

வெள்ளை இறகு ஒரு போர்வை, அடியில் எந்த நிறமும் இருக்கலாம். அதிலும் இரண்டு வகை. வெள்ளை லெகார்னில் இருப்பது ஓங்கு வெள்ளை: கருப்போடு சேர்த்தால் குஞ்சுகள் வெள்ளையாகவே வரும், அங்கங்கே கரும்புள்ளி தெறித்திருக்கலாம். மற்றது ஒடுங்கு வெள்ளை. அதைக் கலப்பில்லாத நிறக் கோழியோடு சேர்த்தால் குஞ்செல்லாம் நிறத்தோடு வரும், ஆனால் ஒவ்வொன்றும் வெள்ளையை ஒளித்து வைத்திருக்கும்.

நிறக் கோழி ஒன்று இந்த வெள்ளையை மறைத்திருக்கிறதா என்று அறிய, ஒடுங்கு வெள்ளைக் கோழியோடு சேருங்கள். மறைத்திருந்தால் பாதிக் குஞ்சுகள் வெள்ளையாக வர வேண்டும். ஒரு வெள்ளைக் குஞ்சு வந்தாலே சந்தேகம் தீர்ந்தது. மறைத்திருந்தும் ஏழு குஞ்சும் நிறமாகவே வர 128இல் ஒரு வாய்ப்புதான். ஆகவே ஏழுக்குக் குறைந்து முடிவுக்கு வராதீர்கள்.

படி 5: நிறத்தால் பாலினம்

இறகில் வரிவரியாகக் கோடு போடும் மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. தாய் அதை மகன்களுக்கு மட்டுமே தருவாள். வரியில்லாத கருப்புச் சேவலை வரிப் பெட்டையோடு சேருங்கள். பிறந்த அன்றே, கருந்தூவிக் குஞ்சின் உச்சந்தலையில் வெண்பொட்டு இருந்தால் சேவல், இல்லையென்றால் பெட்டை. வரிச் சேவலையும் வரியில்லாப் பெட்டையையும் மாற்றிச் சேர்த்தால் இது பலிக்காது.

பின்சேர்க்கை

“சாம்பல் ஜோடியில் எட்டுக் குஞ்சு, ஒன்றுகூடக் கருப்பில்லையே?” என்று கேட்டிருந்தீர்கள். அப்படி நடக்கச் சுமார் 10% வாய்ப்பு உண்டு. அடுத்த அடையையும் சேர்த்து எண்ணுங்கள்.

கருப்புக் குஞ்சின் வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெள்ளை தெரிவதாகச் சிலர் கவலைப்பட்டிருந்தீர்கள். கருப்புக் குஞ்சுக்கு அது இயல்பு. முழு இறகு முளைக்கும்வரை எந்தக் குஞ்சையும் நிறம் பார்த்துக் கழிக்காதீர்கள்.