மரவள்ளி மாவு பிளாஸ்டிக்குக்கு பனநாரு போட்டு வலு ஏத்துறது எப்படி

மரவள்ளி மாவுல பிளாஸ்டிக் தாள் செஞ்சு பாத்தவங்களுக்கு தெரியும், காஞ்சா அப்பளம் மாதிரி நொறுங்கும், சரி வளைஞ்சு குடுக்கப் போடுற கிளிசரின கூட்டுவோம்னா கொழகொழன்னு இழுபடும். அதுக்குத்தான் நாரு. மாவும் சரி நாருல இருக்குற செல்லுலோஸும் சரி ரெண்டுமே குளுக்கோஸ் சங்கிலிதான், அதனால நல்லா ஒட்டிக்கும்.

சாயல்குடி பக்கம் பனைக்கு என்ன பஞ்சம், மட்டைய நசுக்கி எடுத்த நாரே போதும். தேங்காநாரும் ஆகும், ஆனா கடத்தண்ணில ஊறுனது வேணாம். நான் ஒருதடவ அத அப்படியே போட்டுட்டேன், உப்பு காத்துல உள்ள ஈரத்தை இழுத்து, காலைல பாத்தா தாளு வேர்த்துப்போய் கெடக்கு.

நாரு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது போனாத்தான் மாவு பிடிக்கும். 1 லிட்டர் தண்ணில 50 கிராம் காஸ்டிக் சோடா (சோடாவத்தான் தண்ணில போடணும், மாத்திச் செஞ்சா தெறிக்கும்), கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. 2 மணி நேரம் ஊறட்டும், அப்புறம் வழுவழுப்பு போற வரைக்கும் நல்ல தண்ணில அலசுங்க, குடம் காசு குடுத்து வாங்குற ஊருதான், ஆனா இதுல கஞ்சத்தனம் பாக்காதீங்க. கடைசி அலசலுக்கு கொஞ்சம் வினிகர். காயவச்சு 3, 4 மில்லிமீட்டரா நறுக்கிக்கங்க.

அளவு இதுதான்: மாவு 50 கிராம், தண்ணி 400 மில்லி, கிளிசரின் 15 கிராம், வினிகர் 2 டீஸ்பூன், நாரு 3 கிராம். நாரு கூடுனா வலுவும் கூடும்னு நெனச்சு நான் 15 கிராம் போட்டேன், கட்டிகட்டியா உருண்டு நின்னு சரியா அந்தக் கட்டி ஓரமாவே கிழிஞ்சுது. முதல்ல பச்சத்தண்ணில நார உதிரியா கலக்கிட்டு அப்புறம் மாவு, மத்ததெல்லாம். சின்னத் தீயில கிண்டிக்கிட்டே இருங்க, 70 டிகிரி பக்கம் வெள்ளை போயி கண்ணாடி மாதிரி கஞ்சியாகும், இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் கிண்டி எண்ணெய் தடவுன எவர்சில்வர் தட்டுல ஊத்துங்க.

வெயில்ல வைக்காதீங்க, ஓரம் சுருண்டு வெடிக்கும். கடக்காத்தும் ஆகாது, ஈரம். ரூமுக்குள்ள ஃபேனுக்கு கீழ 2, 3 நாள்.

காஞ்சதும் நாரு போட்டதுல ஒரு துண்டு, போடாததுல ஒரு துண்டு, ஒரே அகலத்துல வெட்டி கிளிப்புல தொங்கவிட்டு கீழ ஒரு காலி பாட்டில கட்டி கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்துங்க, எது முதல்ல அறுந்துபோகுதுன்னு கண்ணாலயே பாத்துரலாம். மீன் கட்டிக் குடுக்க மட்டும் இத நம்பாதீங்க, தண்ணி பட்டா ஊறிரும். எங்க வீட்டுல நாத்துக்கு சின்னத் தொட்டியாத்தான் ஓடுது, அப்படியே மண்ணுல நட்டுரலாம்.