சீனியை விட்டாச்சு, சுகர் ஏன் குறையவில்லை?

அம்மாவுக்கு சுகர் என்று சொன்ன அன்றே எங்கள் வீட்டுச் சீனிப் போத்தல் தட்டின் உச்சிக்குப் போய்விட்டது. நாற்பது வருடமாக மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தவர், மறுநாள் காலையிலிருந்து வெறும் சாயத்தண்ணிதான் குடித்தார். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, அதாவது போன இரண்டு மூன்று மாதத்துச் சராசரி சுகரைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, பார்த்தோம். 9.1 இருந்தது 8.8 ஆகியிருந்தது, அவ்வளவுதான். "இனி எதத்தான் விடுறது?" என்று கிளினிக் வாங்கிலேயே அழுதுவிட்டார்.

அம்மா சீனியை விட்டார், ரொட்டியை விடவில்லை. இலங்கை மலையகத்தில் டைப் 2 நீரிழிவு வந்த வீடுகளில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போவதற்கு முன் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, மலைக்கும் கட்டிக்கொண்டு போவது நமக்குப் பரம்பரைப் பழக்கம். அரிசியும் மாவும் தோட்டத்திலேயே கொடுத்து, அதைச் சம்பளத்தில் கழித்த காலத்திலிருந்து வருவது. மாவு மலிவு, பசி தாங்கும். அதனால் "சோத்தைக் குறை" என்று டாக்டர் சொன்னால், சோற்றுக்குப் பதில் இன்னும் இரண்டு ரொட்டி வைத்துக்கொள்கிறோம்.

ஒருநாள் அம்மா ரொட்டிக்கு எடுத்து வைத்த மாவைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று ரொட்டிக்கு 240 கிராம். வெள்ளைக் கோதுமை மாவில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மாச்சத்து. அப்படியென்றால் கை அகல ரொட்டி ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி 5 கிராம் என்று வையுங்கள், அது பன்னிரண்டு கரண்டிக்குச் சமம். மாச்சத்து வயிற்றுக்குள் குளுக்கோஸாகத்தான் மாறும், நாக்குக்கு இனிக்காததால் நமக்குத் தெரிவதில்லை. தேத்தண்ணியில் மிச்சம் பிடித்ததெல்லாம் ரொட்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ரொட்டியையே மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அம்மாவுக்கு இப்போது ஒரு ரொட்டி, அதுவும் மெல்லியதாக, பாதி குரக்கன் (கேழ்வரகு) மாவு கலந்து. குரக்கனிலும் மாச்சத்து கோதுமை அளவுக்குத்தான் இருக்கிறது, நார்ச்சத்து கூட என்பதுதான் வித்தியாசம். குரக்கன் என்பதற்காக நாலு ரொட்டி சாப்பிட்டால் அதே கதைதான். வயிறு நிறைவதற்குக் கோவா, போஞ்சி, லீக்ஸ், வல்லாரை, பக்கத்தில் ஒரு அகப்பை கெட்டிப் பருப்போ முட்டையோ நெத்திலியோ. தட்டில் பாதி மரக்கறி, கால் பங்கு பருப்பு, மீன், முட்டை மாதிரி, மிச்சக் கால் பங்கில்தான் சோறும் ரொட்டியும். நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கும்: தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி கறி.

மரக்கறி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். "மண்ணுக்குக் கீழே விளையுறது எதுவும் ஆகாது" என்று பலர் கரட்டைக்கூட ஒதுக்குகிறார்கள். கரட் தாராளமாகச் சாப்பிடலாம். உருளைக்கிழங்கும் மரவள்ளியும்தான் சோற்றுக் கணக்கில் வரும். சோற்றுக்குக் கிழங்குக் கறி வைத்தால் சோற்றுக்குச் சோறே கறி.

வீட்டுக்கு வருகிறவர்கள் சுகர்காரருக்கு என்றே கிரீம் கிரேக்கர் வாங்கி வருவார்கள். இனிக்காது, ஆனால் அதுவும் வெள்ளை மாவுதான். கித்துள் பாணியும் கருப்பட்டியும் "நாட்டுச் சாமான், ஒண்ணும் செய்யாது" என்பதும் சரியில்லை, இரண்டும் சர்க்கரைதான். போத்தல் பானங்களில் 2016 முதல் நிற அடையாளம் போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம், அந்தப் பக்கமே போகவேண்டாம்.

அடுத்தது மாத்திரை. அம்மா பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருக்குக் கொடுத்த மெட்ஃபோர்மின் என்ற சுகர் மாத்திரை வயிற்றைப் பிரட்டியது, யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் சொன்னால் வேறு வகையாக மாற்றித் தருவார்கள். நாமே குறைப்பது, மாத்திரையை நிறுத்திவிட்டு சுகருக்கு நல்லது என்று சொல்லும் கொத்தல ஹிம்புட்டு மரக் கோப்பையில் தண்ணீர் குடிப்பது, பாகற்காய்ச் சாற்றை நம்பி இருப்பது, இவை ஆபத்து. இன்னொரு பக்கம், கிளிக்லசைட் மாதிரி சுகரை இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாத்திரையை எடுத்துவிட்டு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. இரத்தத்தில் சுகர் 70 mg/dLக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். கொழுந்து மலையில் அது வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மடியில் எப்போதும் கொஞ்சம் சீனி இருக்கட்டும். வந்தால் மூன்று தேக்கரண்டி சாப்பிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து, சரியாகாவிட்டால் மறுபடியும்.

கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் பத்தியம் இருப்பவர்கள் உண்டு. வெறும் வயிற்று இரத்தத்தில் அது கொஞ்சம் மறையலாம், எச்பிஏ1சியில் மறையாது, அது போன இரண்டு மூன்று மாதத்துக் கணக்கு. டாக்டர் திட்டுவார் என்று பயந்து செய்கிறார்கள். ஆனால் அந்தத் தப்பான எண்ணை வைத்துத்தானே அவர் மாத்திரையைத் தீர்மானிப்பார்?

மலையில் வேலை செய்தவரை உடம்புக்கு நடை இருந்தது. பென்ஷன் எடுத்தபின் லயத்து வாசலோடு சரி. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கோயில் வரைக்குமாவது நடந்துவிட்டு வாருங்கள், வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம்.

கடைசியாகக் கால். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன், ஏனென்றால் நம் பக்கத்துக் குளிருக்கும் ஈரத்துக்கும் இது தனிப் பிரச்சினை. சுகர் நாள்பட்டால் பாதத்தில் உணர்வு மரத்துப்போகும். நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் அடுப்பங்கரையில் காலை நீட்டிக் குளிர்காய்வது எல்லோருக்கும் பழக்கம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்தபிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். சுடுதண்ணீரிலும் அப்படித்தான், முதலில் முழங்கையை வைத்துப் பாருங்கள். குளிருக்குக் காய்ந்த மேசு (காலுறை) போடுங்கள், வெறுங்காலோடு முற்றத்துக்குக்கூட இறங்கவேண்டாம். இரவில் விரல் இடுக்குகளைத் துடைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்போ சாம்பலோ வைக்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவிச் சுத்தமான துணி கட்டுங்கள். இரண்டு நாளில் காயாவிட்டால், சிவந்தாலோ வீங்கினாலோ, அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள்.