காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டி

டெல்லி மயூர் விஹாரில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு அடல் சுரங்கம் வழியாக இமாச்சல மலையில் உள்ள கேலாங் போயிருந்தோம். மறுநாள் காலை எஞ்சின் பிடித்தது, சில நொடிகளில் அணைந்தது. மதியம் வெயில் ஏறியதும் ஒரு குறையும் இல்லை. தினமும் இதே கதை.

பேட்டரி மாற்றினோம். ஸ்டார்ட் ஆவதற்காக எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்கைச் சோதித்தோம், நன்றாகவே இருந்தது. ஃப்யூயல் பம்ப் போச்சு என்றார் ஒரு மெக்கானிக்.

பிடித்துவிட்டு அணைகிறது என்பதுதான் துப்பு. ஃபில்டரைத் தாண்டிக் குழாயில் நின்ற டீசல் எரிந்து தீர்ந்ததும், பின்னாலிருந்து வரத்து இல்லை. ஒரு லாரி டிரைவர் அண்ணன் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார்: மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாக உறைந்த மெழுகு! சமவெளி டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் பிரிந்து ஃபில்டரை அடைத்துவிடுகிறது.

வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர்மேல் சுற்றினோம். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அணையாமல் ஓடியது. அப்பாடா! தீ மட்டும் காட்டவே கூடாது. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள், வேண்டாம்; டீசலை உயர் அழுத்தத்தில் எஞ்சினுக்கு அனுப்பும் காமன் ரெயில் பம்ப் தேய்ந்துவிடும். பழைய டீசல் குறைந்ததும் அங்கேயே குளிர்கால டீசல் கேட்டு நிரப்பினோம். அது மைனஸ் 33 டிகிரி வரை இளகியே இருக்கும். நிரப்பியபின் சிறிது தூரம் ஓட்டுங்கள், புது டீசல் ஃபில்டர்வரை வந்து சேரவேண்டும்.