பள்ளக்காணியில் தென்னை வைக்கப்போகிறீர்களா?

மானியம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டதும் கன்று வாங்க ஓடாதீர்கள். முதலில் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். காணி வயலாகப் பதிவாகியிருந்தால், இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, மண் நிரப்பவோ வேறு தேவைக்கு மாற்றவோ அனுமதி வேண்டும். கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். மேட்டுக்காணி என்றால் இந்த அலைச்சல் இல்லை.

அப்புறம் மானியம் தரும் தென்னை பயிர்ச்செய்கைச் சபை. நட்ட பிறகு போகாமல், குழி வெட்டும் முன்பே உத்தியோகத்தரிடம் பேசிவிடுங்கள். இடைவெளி 26 அடி, ஏக்கருக்குச் சுமார் 64 கன்று.

மாரியில் வெள்ளம் நாட்கணக்கில் நிற்கும் மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். தென்னைக்கு வேர் அழுகும். அங்கே மருது வையுங்கள், குளக்கட்டு மரம், தண்ணீரில் நின்று பழகியது. வரம்போரப் பனைகளில் கை வைக்காதீர்கள், தறிக்கவும் அனுமதி தேவை.