என் செடியில் பூத்தது, உங்கள் செடியில் ஏன் பூக்கவில்லை?

தொட்டியில் வைத்த ரோஜாவில் முதல் பூ மலர்ந்ததும் நாலு பேரிடம் சொல்லாமல் யாராலும் இருக்க முடியாது. நானும் சொன்னேன். அடர்சிவப்பு நிறம், அடுக்கடுக்காக இதழ்கள். இரண்டு வருடம் கழித்து அதே செடியில் ஐந்தே இதழ்களோடு சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக வந்தன. "மண்ணை மாற்றினேன், நிறம் மாறிவிட்டது" என்று கேட்டவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

மண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் வைத்திருந்தது ஒட்டுச்செடி: வேரோடு நிற்கும் ஒரு ரோஜாவின் (வேர்ச்செடி) மேல் வேறொரு ரோஜாவை ஒட்டி வளர்த்தது. ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து ஒரு கொம்பு கிளம்பியிருக்கிறது. "என்ன வேகம்!" என்று மகிழ்ந்து அதை வளரவிட்டேன். அது மேலே இருந்த சிவப்பு ரோஜாவுக்குப் போக வேண்டிய சத்தையெல்லாம் தானே எடுத்துக்கொண்டு, கடைசியில் தன் சொந்தப் பூவைப் பூத்தது. முடிச்சுக்குக் கீழே முளைக்கும் கொம்பை அது கிளம்பும் இடத்திலேயே பிய்த்தெடுத்திருந்தால் செடி பிழைத்திருக்கும். என் பேச்சை நம்பி எத்தனை பேர் தொட்டி மண்ணை மாற்றினார்களோ, தெரியவில்லை.

செடி வளர்ப்பவர்கள் அனுபவம் பேசும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான்: கடைசியாக என்ன செய்தோமோ அதையே காரணம் என்று சொல்லிவிடுவது. மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கவாத்து செய்கிறார் (கிளைகளை வெட்டிவிடுகிறார்), பழைய இலைகளை உருவிவிடுகிறார், வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துகிறார், கூடவே வெங்காயத் தோல் ஊறிய தண்ணீரும் ஊற்றுகிறார். சில வாரங்களில் செடி கொள்ளாமல் மொட்டு. பெயர் யாருக்குப் போகிறது? வெங்காயத் தோலுக்கு. மல்லிகை புதிதாக வரும் கிளைகளின் நுனியில்தான் மொட்டு வைக்கும். புதுக் கிளைகளை வரவழைத்தது கவாத்து, அவற்றுக்கு உணவு கொடுத்தது வெயில். வெங்காயத் தோல் கெடுதல் எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்ட அடுத்தவர் கவாத்தை விட்டுவிட்டு, நிழலில் நிற்கும் செடிக்குத் தோல் தண்ணீரை மட்டும் மாதக்கணக்கில் ஊற்றுகிறார்.

முட்டை ஓடும் அப்படியே. அதில் சுண்ணாம்புச்சத்து இருப்பது உண்மை. ஆனால் கையால் நொறுக்கிப் போட்ட ஓடு மண்ணில் கரைய வருடங்கள் ஆகும். ஒரு வருடம் கழித்துத் தொட்டியைக் கிளறினாலும் துண்டுகள் அப்படியே கிடக்கும். போன வாரம் போட்ட ஓடு இந்த வாரப் பூவுக்குக் காரணமாக இருக்க முடியாது. எப்சம் உப்பு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது மெக்னீசியம் சல்பேட். முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம்; அப்போது பலன் தரும். குறை இல்லாத செடிக்குத் திரும்பத் திரும்பப் போட்டால், கால்சியத்தை வேர் எடுத்துக்கொள்வது தடைப்படும். ஒருவர் செடிக்கு மருந்தாக இருந்ததை இன்னொருவர் செடிக்குச் சாப்பாடாகக் கொடுப்பதால் வரும் வினை இது.

பூ வேண்டும் என்றால், இலையை மட்டும் தழைக்கவைக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிப் போடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செடி கரும்பச்சையாக, தளதளவென்று நிற்கிறது, பூ மட்டும் இல்லை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது எத்தனை மணி நேரம் நேரடி வெயில் படுகிறது என்பது. அடுத்தது என்ன உரம் போடுகிறீர்கள் என்பது. பதில் பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்ளேயே இருக்கும்.

ஒரே பெயர், வேறு வேறு செடி

சாமந்தி என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்குச் செவ்வந்தி. மூன்றாமவர் செண்டுமல்லியை மனத்தில் வைத்துக்கொண்டு தலையாட்டுவார். மல்லி என்றால் குண்டுமல்லியா, ஜாதிமல்லியா, முல்லையா? பெயர்க் குழப்பம் வெறும் பேச்சளவில் நின்றுவிட்டால் பரவாயில்லை, வளர்ப்பு முறையும் சேர்ந்து குழம்புகிறது.

செவ்வந்தி நீண்ட இரவை எதிர்பார்க்கும் செடி. பகல் குறைந்து இரவு நீளும் பருவத்தில்தான் மொட்டுக் கட்டும். செடிகள் பகலிரவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கின்றன என்பதை 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது பூக்க மறுத்த ஒரு புகையிலைச் செடி. என் கையில் இருந்ததோ வாசல் விளக்குக்கு நேர் கீழே நின்ற செவ்வந்தி. உரம் மாற்றினேன், தொட்டியை மாற்றினேன், பக்கத்துத் தொட்டியில் பூத்துக்கொண்டிருந்த செண்டுமல்லியைக் காட்டித் திட்டக்கூடச் செய்தேன். விளக்கை மட்டும் அணைக்கவில்லை. இரவின் நடுவே விழும் வெளிச்சம் போதும், செவ்வந்திக்கு அது நீண்ட இரவாகத் தோன்றாது. இருட்டான மூலைக்கு நகர்த்திய பிறகுதான் மொட்டு வந்தது. யாராவது தன் செவ்வந்தி பூத்ததைப் பற்றிச் சொன்னால், எந்தப் பருவத்தில், இரவில் வெளிச்சம் படும் இடமா என்று கேட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள்.

தண்ணீர்

"தினமும் ஒரு செம்பு ஊற்றுகிறேன்" என்பதைப்போலப் பயனற்ற தகவல் வேறு இல்லை. எந்தத் தொட்டிக்கு? மண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் தொட்டியில் வெளியேறாது. தென்னை நார்க்கழிவு அதிகம் உள்ள கலவை மேலே காய்ந்தும் உள்ளே சொதசொதவென்றும் இருக்கும். ஒரே செம்புத் தண்ணீர் ஒரு செடிக்குப் போதாது, இன்னொன்றை அழுகவைத்துவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பதுதான் அளவு.

அதிகத் தண்ணீரால் சாகும் செடி, தண்ணீர் இல்லாத செடியைப்போலவே வாடும். இதை அறியாமல் செடியைக் கொன்றவர்கள்தான் நம்மில் பலர். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் எப்போதும் நீரே நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை தொங்கும். நாம் பதறிப்போய் இன்னொரு செம்பு ஊற்றுவோம். மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால், தண்ணீரை நிறுத்திவிட்டு வேரைப் பாருங்கள். காகிதப்பூ இன்னொரு ரகம்: சற்றே காயவிட்டால்தான் நன்றாகப் பூக்கும். அதை வளர்த்தவரின் தண்ணீர்க் கணக்கைச் செம்பருத்திக்குப் பொருத்தினால் மொட்டெல்லாம் உதிர்ந்துவிடும்.

நீர் வடிய வேண்டும் என்று தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பும் வழக்கத்தையும் கைவிடலாம். பொடி மண்ணிலிருந்து பெரிய கல் இடைவெளிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் நன்றாக நிறைந்த பிறகே இறங்கும். ஆகவே அடியில் நிற்க வேண்டிய ஈரப் பட்டை கல்லுக்கு மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிறது. வடிதுளை அடைபடாமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லோ வலைத்துண்டோ போதும், மற்ற இடம் முழுக்க மண்கலவைதான்.

நண்பகலில் இலை மேல் தண்ணீர் பட்டால் துளி லென்ஸ்போலச் சுட்டுவிடும் என்பார்கள். 2010இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, வழவழப்பான இலைகளில் நீர்த்துளி அப்படிச் சுடவில்லை. மெல்லிய மயிர்கள் துளியைத் தூக்கிப் பிடிக்கும் இலைகளில் மட்டுமே அதற்கு வாய்ப்பு தெரிந்தது. அதனால் உச்சி வெயிலில் வாடி நிற்கும் செடிக்கு மாலைவரை காத்திருந்து ஊற்ற வேண்டியதில்லை. ரோஜாவுக்கு மாலையில் இலையை நனைப்பதுதான் கெடுதல். இரவு முழுக்க ஈரமாக இருக்கும் இலையில் கரும்புள்ளி நோய் வரும்.

சொல்லும்போதும் கொடுக்கும்போதும்

பூத்த நாளின் படத்தை மட்டும் காட்டுவது பொய்யல்ல, ஆனால் பாதி. என்ன செடி, எவ்வளவு பெரிய தொட்டி, எத்தனை மணி நேர வெயில், கடைசிக் கவாத்து எப்போது, எதைச் செய்து செடி செத்தது — இவற்றைச் சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்கு உதவும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் எல்லோரும் தயங்குகிறோம். ஆலோசனை கேட்டவரும் ஐந்து பேர் சொன்ன ஐந்தையும் ஒரே வாரத்தில் செய்யக் கூடாது. ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

விதை கொடுப்பவர்கள், அது கலப்பினச் செடியின் விதையா என்று சொல்லிவிடுவது நல்லது. முதல் தலைமுறைக் கலப்பினத்தின் விதை தாயைப்போலவே பூக்கும் என்ற உறுதி இல்லை. பெரிய பூவைக் காட்டிவிட்டுச் சிறிய பூவைக் கொடுத்த பழி வந்து சேரும். பெட்டூனியாபோன்ற தூள் விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், மண்ணைப் போட்டு மூடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பரிசாக வந்த செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு வாரம் தனியே வைத்துவிடுங்கள். மாவுப்பூச்சி இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சுபோல ஒளிந்திருக்கும். எறும்பு ஏறி இறங்கினால் சந்தேகப்படலாம். நான் அன்பு மிகுதியில் நேராகக் கொண்டுபோய்ச் செம்பருத்திப் பக்கத்தில் வைத்தேன், அதன்பின் ஒரு பருவம் முழுக்க வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலுமாகக் கழிந்தது.

அரளி, செங்காந்தள் இரண்டையும் யாருக்காவது கொடுத்தால், நஞ்சு என்பதைத் தொட்டியைக் கைமாற்றும்போதே சொல்லிவிடுங்கள். அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு, செங்காந்தளின் கிழங்கில் கொல்கிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. தவழும் குழந்தை இருக்கும் வீடு என்றால் நான் இவற்றைக் கொடுப்பதில்லை. ஒரு செவ்வந்தித் தூரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வாசல் விளக்கின் கதையையும் சொல்லி அனுப்புகிறேன்.