வெளியுறவுத் துறைக்குப் போக ஆசையா? முதலில் ஒரு விஷயத்தைக் கையில் எடுங்கள்

"எனக்கு இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்னா உயிர், இந்தத் துறையில் எப்படி நுழைவது?" என்று கேட்கும் பெண்களிடம் நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். எந்த நாடு, எந்தப் பிரச்சினை? இதற்குப் பதில் வராதவரை எந்தக் கோர்ஸ், எந்தத் தேர்வு என்பதெல்லாம் வெட்டிப் பேச்சு. பாக் நீரிணை மீனவர் விவகாரம், வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களின் ஒப்பந்தம், இந்தியப் பெருங்கடலில் சீனா கட்டும் துறைமுகங்கள், மருந்துக் காப்புரிமை, பருவநிலை மாநாட்டில் யார் எவ்வளவு பணம் தருவது என்ற சண்டை, இப்படி நூறு விஷயம் இந்த ஒரு துறைக்குள் கிடக்கிறது. அதில் ஒன்றை எடுத்து இரண்டு வருஷம் விடாமல் படித்து, "இதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்" என்று நாலு பேர் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுங்கள். வேலையின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டெல்லியில் அமெரிக்கா, சீனா என்று பொதுவாகப் பேச ஆள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களோடு அதே ஆட்டத்தில் இறங்கினால் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் இலங்கைத் தமிழ் நாளிதழ்களான வீரகேசரியையும் தினக்குரலையும் தினமும் படித்து, ராமேஸ்வரம் விசைப்படகுக்காரரிடமும் யாழ்ப்பாண மீனவர் சங்கத்திடமும் நேரடியாகத் தமிழில் பேசி, கடலின் அடியைத் துடைத்து மீன் பிடிக்கும் இழுவைமடி வலையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது ஏன், அந்த வலையால் அதிகம் அடிபடுவது வடக்கில் இருக்கும் தமிழ் மீனவர்கள்தான் என்பது எப்படி, இங்கே கடன் வாங்கிப் படகு கட்டியவர் கதி என்ன என்று இரண்டு பக்கத்து நியாயத்தையும் எழுதத் தெரிந்தவர்களை அங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த இடம் நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது, பயன்படுத்தாமல் விடுவதில் அர்த்தமே இல்லை.

பெரிய இடத்துக்குப் போன நம் பெண்களும் இப்படித்தான் போயிருக்கிறார்கள். இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி சட்டம் படித்தவர், 1994-ல் பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐநாவின் முதல் சிறப்பு அறிக்கையாளர் ஆனார், பிறகு 2006 முதல் 2012 வரை போரில் சிக்கிய குழந்தைகளுக்கான ஐநா சிறப்புப் பிரதிநிதி. சௌமியா சுவாமிநாதன் குழந்தைகள் மருத்துவர், சென்னையில் காசநோய் ஆராய்ச்சியில் பல வருஷம் இருந்துவிட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி வரை போனார். இரண்டு பேரையும் வெளியே கொண்டுபோனது அவர்கள் கையில் இருந்த விஷயம்தான்.

சரி, படிப்பது என்றால் எப்படிப் படிப்பது? யூடியூபில் கரன்ட் அஃபேர்ஸ் பார்ப்பது படிப்பு ஆகாது. வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் தலைவர்களின் அறிக்கைகள், கூட்டறிக்கைகள், செய்தியாளர் சந்திப்புகள் எல்லாம் இலவசமாகக் கிடக்கின்றன. 2023 ஜூலையில் அப்போதைய இலங்கை அதிபர் ரணில் விக்ரமசிங்க டெல்லி வந்தபோது பிரதமர் மோடி படித்த அறிக்கையை எடுங்கள். 2024 டிசம்பரில் அவருக்கு அடுத்து அதிபரான அநுர குமார திசாநாயக்க வந்தபோது படித்ததைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் இலங்கைத் தமிழர் பற்றிய பேச்சு இருக்கிறது, இரண்டிலும் மாகாண சபைத் தேர்தல் இருக்கிறது. முதலாவதில், மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் இலங்கை அரசியலமைப்பின் 13-வது திருத்தத்தைப் பெயர் சொல்லியே நடைமுறைப்படுத்தச் சொல்கிறார்கள். இரண்டாவதில் அந்தத் திருத்தத்தைக் காணோம், அரசியலமைப்பை முழுமையாக நடைமுறைப்படுத்துவது என்று பொதுவாக முடிந்துவிடுகிறது. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலிருந்து வந்த ஒரு திருத்தம் ஒன்றரை வருஷத்தில் ஏன் அறிக்கையிலிருந்து இறங்கிப்போனது, கொழும்பில் ஆட்சி மாறியது மட்டும்தான் காரணமா, பதிலுக்கு இந்தியா என்ன வாங்கியது, யாழ்ப்பாணக் கட்சிகள் அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று உட்கார்ந்து தோண்டுங்கள். தூதரகத்தில் சேர்ந்தாலும் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தாலும் முதல் சில வருஷம் நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் இதே வேலைதான்.

தோண்டியதை இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். முதல் மூன்று வரியிலேயே உங்கள் முடிவு வந்துவிட வேண்டும், அதற்கு அப்புறம் ஆதாரம், கடைசியில் அரசு அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டோ மூன்றோ யோசனை. நாம் பள்ளிக்கூடத்தில் பழகிய முன்னுரை, பொருளுரை, முடிவுரை இங்கே உதவாது, படிக்கிறவர் அதிகாரி என்றால் முன்னுரையிலேயே மூடி வைத்துவிடுவார். இப்படி நாலைந்து கட்டுரை சேர்ந்ததும் சென்னை சீன ஆய்வு மையம், ஓஆர்எஃப், மும்பையில் இருக்கும் கேட்வே ஹவுஸ் போன்ற ஆய்வு நிறுவனங்களுக்கு அனுப்பிப் பாருங்கள், இன்டர்ன்ஷிப் கேட்கும்போது சர்டிஃபிகேட்டுகளுக்கு முன்னால் இதை வையுங்கள். தமிழ் நாளிதழ்களின் நடுப்பக்கத்துக்கு எழுதியதையும் மறைக்க வேண்டாம். தமிழில் எழுதினால் மதிப்புக் குறைவு என்ற நினைப்பு நம்மவர்களுக்குத்தான் அதிகம்.

இப்போது ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வெளியுறவுப் பணி. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், தப்பில்லை, ஆனால் இடம் குறைவு. கடந்த சில ஆண்டுகளாக வருஷத்துக்கு 35-லிருந்து 55 இடங்கள் வாக்கில்தான் வருகின்றன, நாடு முழுவதற்கும் சேர்த்து. யுபிஎஸ்சி சிவில் சர்வீசஸ் தேர்வுதான் வழி. பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை, 6 முறை எழுதலாம், ஓபிசிக்கு 35 வயது, 9 முறை, எஸ்சி, எஸ்டிக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். ஆனால் முதனிலைத் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், ஆங்கிலத்தாள் ஒன்றில் கட்டாயம் தேறவும் வேண்டும், அதனால் ஆங்கிலத்தை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் எடுத்தால், நீங்கள் ஏற்கெனவே படித்துவைத்ததில் ஒரு பகுதி அப்படியே உதவும். செலவுக்கு தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. தனித் தேர்வு வைத்து 1,000 பேரை எடுத்து, முதனிலைத் தேர்வுக்குப் படிக்க 10 மாதத்துக்கு மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள், அதில் தேறினால் முதன்மைத் தேர்வுக்கு 25,000.

பார்வை முழுதாக இல்லாத ஒருவர் ஐஎஃப்எஸ்ஸுக்கு வந்தது முதன்முதலில் சென்னையிலிருந்துதான். ஸ்டேட் பேங்கில் வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதிய பெனோ ஜெபின், 2015-ல் சேர்ந்தார். உடல்நிலை காரணமாக நமக்கு இது ஒத்துவராது என்று நினைப்பவர்கள் அந்த ஆண்டுக்கான அறிவிப்பில் மருத்துவத் தகுதி பகுதியை ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல் எஸ்எஸ்சி சிஜிஎல், மத்திய அரசு வேலைகளுக்குப் பட்டதாரிகளை எடுக்கும் தேர்வு. அதில் வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் என்று ஒரு பதவி வரும். ஏதாவது ஒரு டிகிரி போதும், 20 முதல் 30 வயது, அடிப்படைச் சம்பளம் 44,900-ல் ஆரம்பம். டெல்லியில் கொஞ்ச காலம், பிறகு வெளிநாட்டுத் தூதரகங்களில் நிர்வாகம், கணக்கு, விசா, பாஸ்போர்ட் வேலை. கொள்கை வகுக்கும் வேலை உடனே கிடைக்காது, ஆனால் தூதரகம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது, பதவி உயர்வில் மேலே போய் ஐஎஃப்எஸ்ஸுக்குள் வந்தவர்களும் உண்டு. யுபிஎஸ்சிக்குப் படிக்கிற எல்லோரும் இதையும் சேர்த்து எழுதுவது புத்திசாலித்தனம்.

சென்னையை விட்டு நகர முடியாத நிலையா? அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாவற்றுக்கும் இங்கே தூதரக அலுவலகம் இருக்கிறது. விசா கவுண்டர் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டு அரசியலையும் தொழில்துறையையும் கவனித்துத் தங்கள் நாட்டு அதிகாரிக்கு எழுதிக்கொடுக்க உள்ளூர் ஆட்களைச் சில அலுவலகங்கள் எடுக்கின்றன. யூனிசெஃபுக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. நியூயார்க் ஐநா செயலக இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது, அந்த ஊர் வாடகையை அப்பா தலையில் கட்டுவதற்கு முன்னால் ஐநா தன்னார்வலர் அமைப்பின் ஆன்லைன் வேலைகளை வீட்டிலிருந்தே செய்து பாருங்கள்.

மேற்படிப்புக்கு ஜேஎன்யு, புதுவைப் பல்கலைக்கழகம், டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகம் எல்லாம் செலவு தாங்கும். வெளிநாட்டில் ஒரு வருஷ எம்ஏவுக்கு 40 லட்சம் கடன் வாங்கச் சொல்லும் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு பிரிட்டனின் செவ்னிங் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் கல்விக் கட்டணமும் தங்கும் செலவும் அவர்கள் பொறுப்பு. மொழி கட்டாயம் ஒன்று படியுங்கள். பிரெஞ்சுக்கு அலியான்ஸ், ஜெர்மனுக்கு கோத்தே என்று எல்லோரும் போகிறார்கள், போகட்டும். இலங்கைதான் உங்கள் விஷயம் என்றால் சிங்களம் படியுங்கள், தமிழ்நாட்டில் அதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

கடைசியாக வீடு. முத்தம்மா என்று ஒருவர், குடகுக்காரர், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து 1949-ல் ஐஎஃப்எஸ்ஸில் சேர்ந்த முதல் பெண். நேர்முகத் தேர்விலேயே வேண்டாம் என்று மனதை மாற்றப் பார்த்தார்கள். கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விடுகிறேன் என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று விதியே இருந்தது, ஆண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் உச்ச நீதிமன்றம் போனார், வழக்கு நடக்கும்போதே அரசு பதவி உயர்வு கொடுத்துவிட்டது, 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். விதி போய்விட்டது, கல்யாணம் ஆனால் வேலை என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை, விவரத்தோடு பதில் சொல்லுங்கள். ஒரு ஊரில் சுமார் மூன்று வருஷம் போஸ்டிங். மத்திய அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 180 நாள், குழந்தை வளர்ப்பு விடுப்பு மொத்தம் 730 நாள். தூதரக அதிகாரியின் கணவர் அங்கேயே வேலை பார்க்க சில நாடுகளோடு இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, எல்லா நாடுகளோடும் இல்லை. இதையெல்லாம் ஜாதகம் வெளியே போவதற்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள். டெல்லி வரைக்கும்னா பரவாயில்லை என்று சொல்கிற மாப்பிள்ளை நைரோபி என்றால் என்ன சொல்வார் என்பது நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.