பல்கலைக்கழக வளாகத்தில் சீருடைப் பணி: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒன்ராறியோவுக்கு வந்திறங்கும் எங்கள் இளையோருக்கு உறவினர் சொல்லும் வேலைகள் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள்தான் சுற்றும்: தொழிற்சாலை, உணவகம், கணக்கியல், தாதியர் படிப்பு, கணினி. பல்கலைக்கழக வளாகத்தைக் காக்கும் பணி அந்த வட்டத்துக்குள் வருவதே இல்லை. சீருடை கண்டால் ஒதுங்கி நடந்து பழகிய சமூகம் நாங்கள். ஊரில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தயக்கத்தால் நல்ல பணி ஒன்று எங்கள் பிள்ளைகளின் கண்ணிலேயே படாமல் போவதுதான் என் கவலை. இதற்குக் குடியுரிமை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிரந்தர வதிவிடம் இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

முதலில் பணி என்னவென்று பார்ப்போம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் துப்பாக்கி ஏந்திய சொந்தப் பொலிஸ் பிரிவை வைத்திருக்கின்றன. ஒன்ராறியோவில் முறை வேறு. இங்கே ரொறன்ரோ, மக்மாஸ்டர், வெஸ்டேர்ன், வாட்டர்லூ போன்ற பல்கலைக்கழகங்களில் பணி செய்பவர்கள் விசேட கான்ஸ்டபிள்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். அதிகாரம் வருவது சட்டத்திலிருந்து. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்பு மற்றும் பொலிஸ் சட்டத்தின் கீழ் அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் நகர்மைய, ஸ்காபரோ வளாகங்களில் பணியாற்றுவோரை நியமிப்பது ரொறன்ரோ பொலிஸ் சேவைகள் சபை. குற்றவியல் சட்டம், அத்துமீறி நுழைதல் சட்டம், மதுபானச் சட்டம், உளநலச் சட்டம் ஆகியவற்றில் குறிப்பிட்ட அதிகாரங்கள் அவர்களுக்கு உண்டு. அவை பல்கலைக்கழகச் சொத்து எல்லையோடு பிணைந்தவை. துப்பாக்கி கிடையாது. பெரிய குற்றம் நடந்தால் நகரப் பொலிஸ் வரும். அதுவரை இடத்தையும் ஆட்களையும் காப்பது இவர்கள் பொறுப்பு.

நாள்தோறும் நடப்பது என்ன? ஆய்வுகூடத்தில் ஒலிக்கும் அபாயமணி, லிஃப்டில் சிக்கியவர், நூலகத்தில் களவுபோன மடிக்கணினி, விடுதியில் இரவு இரண்டு மணிக்கு மூண்ட சண்டை, பரீட்சை மண்டபத்தில் மயங்கி விழுந்த மாணவி, பனியில் வழுக்கிக் கால் முறித்துக்கொண்ட பேராசிரியர். பல இடங்களில் பன்னிரண்டு மணி நேர முறைப் பணி; இரவும் வரும், தைப்பொங்கலன்றும் வரும். திரைப்படத்தில் வரும் பொலிஸ் வேலையை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இங்கே அதிக நாள் நிலைப்பதில்லை. பேசத் தெரிந்தவர்கள், அதைவிடக் கேட்கத் தெரிந்தவர்கள் நிலைக்கிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் உளநல உதவி தேடி வந்த மாணவி ஒருவருக்கு வளாகப் பொலிஸ் கைவிலங்கு மாட்டியது பெரும் செய்தியானது. உதவி கேட்டு வந்தவருக்கு விலங்கா என்ற கேள்வி எல்லாப் பல்கலைக்கழகங்களையும் தொட்டது. உளநல நெருக்கடியில் சீருடையாளர் எப்படி நடக்க வேண்டும் என்பது அதன் பிறகு மீளாய்வு செய்யப்பட்டது. வளாகப் பொலிஸ் என்ற பெயரையே சில பல்கலைக்கழகப் பிரிவுகள் கைவிட்டன. நேர்முகத் தேர்வில் இந்தப் பொருள் கட்டாயம் வரும் என்று எண்ணித் தயாராகுங்கள். ஒப்பேற்றும் பதில் இங்கே எடுபடாது. பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு வந்து, பெற்றோரிடம் சொல்ல முடியாத துயரத்தோடு அறைக்குள் அடைந்து கிடக்கும் ஒருவரின் கதவைத் தட்டும்போது முதலில் என்ன சொல்வீர்கள்? அதை உங்கள் சொந்தச் சொற்களில் யோசித்து வைத்திருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

நேரடியாக விசேட கான்ஸ்டபிளாக விண்ணப்பிப்பதைவிட, பாதுகாப்புக் காவலர் உரிமத்திலிருந்து தொடங்குவதையே புதிதாக வந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பேன். முதலுதவிப் பயிற்சியையும் சேர்த்து 40 மணி நேர வகுப்பு. அதன் பின் மாகாண அரசின் பரீட்சை. வயது 18 நிறைந்து, கனடாவில் வேலை செய்யச் சட்டப்படி உரிமை இருந்தால் இந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் 2024 நவம்பர் முதல், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற வரம்பை மீற வேண்டாம். பின்னாளில் உங்கள் பின்னணியைத் துருவும்போது அந்த மீறல் வெளியே வரும்.

பல பல்கலைக்கழகங்களில் விசேட கான்ஸ்டபிள்களோடு சாதாரணக் காவலர்களும் பணியாற்றுகிறார்கள். அங்கே காவலராகச் சேர்ந்தால் கட்டடங்கள் பழகும், கையடக்கத் தொடர்பு வானொலியில் பேசும் முறை பழகும், மேலதிகாரிக்கு உங்களைத் தெரியவரும். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வெஸ்டேர்னில் இரவில் மாணவர்களுக்குத் துணையாக நடந்து செல்லும் தொண்டர் அணி இருக்கிறது. மக்மாஸ்டரில் மாணவர்களே நடத்தும் அவசர முதலுதவி அணி இருக்கிறது. உங்கள் கல்லூரியில் இப்படி ஏதாவது உண்டா என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள்.

செனெக்கா, ஹம்பர், சென்ரெனியல் போன்ற கல்லூரிகளில் பொலிஸ் அடிப்படைகள் என்ற இரண்டாண்டு டிப்ளோமா உண்டு. நல்ல படிப்புத்தான்; ஆனால் அது கட்டாயம் என்று நினைத்துக் கடன்பட வேண்டாம். ஊரில் எடுத்த பட்டத்தையும் உயர்தரச் சான்றிதழையும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் கனடியத் தரத்துக்கு ஒப்பிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சமூகப் பணி, உளவியல், ஆசிரியத் தொழில் ஆகியவற்றில் ஊரில் அனுபவம் இருந்தால் அதைச் சுயவிபரத்தின் மேலேயே எழுதுங்கள். இந்தப் பணிக்கு அது நேரடியாகப் பொருந்தும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பிற்போட வேண்டாம். பெரும்பாலான விளம்பரங்கள் முழுமையான ஜி வகுப்பைக் கேட்கின்றன. ஊரில் வாகனம் ஓட்டிய அனுபவத்துக்கு உரிய அதிகாரியிடமோ தூதரகத்திடமோ கடிதம் பெற்று வந்தால் இந்த முழு அனுமதிக்குக் காத்திருக்கும் காலம் குறையும். உடற்தகுதியையும் கவனியுங்கள்: இரு கோடுகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓடும் ஓட்டப் பரிசோதனையில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்தவர்கள் மூச்சிரைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னணி ஆய்வு

எங்கள் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இது. பரீட்சையைவிட, ஓட்டத்தைவிட, இதற்கே நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். நீங்கள் வாழ்ந்த முகவரிகள், வேலை செய்த இடங்கள், கடன் வரலாறு, வீதிப் போக்குவரத்துத் தண்டங்கள், சமூக ஊடகப் பதிவுகள், உங்களை அறிந்தவர்களின் பெயர்கள் எல்லாம் கேட்கப்படலாம். வந்த முதல் நாளிலிருந்து ஒரு கொப்பியில் முகவரிகளையும் திகதிகளையும் எழுதி வாருங்கள். மச்சானுடைய நிலக்கீழ் அறையில் மூன்று மாதம் தங்கியிருந்தாலும் அதுவும் முகவரிதான். கையில் காசாகச் சம்பளம் வாங்கும் வேலைகளைத் தவிருங்கள். நண்பருக்காக உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போட்டெடுக்க விடாதீர்கள்; தெரிந்தவர் என்று இரக்கப்பட்டு அப்படிச் செய்த பிள்ளைகள் மோசடி விசாரணையில் சிக்கியிருக்கிறார்கள்.

அகதிக் கோரிக்கை மூலம் வதிவிடம் பெற்றவர்களுக்கு ஒரு தனிச் சொல். குடிவரவுத் திணைக்களத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த வரலாறும் இங்கே எழுதும் வரலாறும் ஒன்றாக இருக்க வேண்டும். இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, வழக்கின்றி விடுவிக்கப்பட்டவர்கள் எங்களுக்குள் பலர் இருக்கிறார்கள். கைது என்பது குற்றத் தீர்ப்பாகாது. ஆனால் கேட்டால் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரியவந்தால், கைதைவிட அந்த மறைப்பே உங்களை வெளியே தள்ளும். உங்கள் நிலைமை சிக்கலானதாக இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். ஊரிலிருந்து பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்க மாதக் கணக்கில் ஆகலாம் என்பதால் அதை முன்கூட்டியே தொடங்குங்கள்.

நேர்முகத் தேர்வில் இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். தன்னைத் தானே புகழக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதனால் "நாங்கள் செய்தோம்" என்றே பேசுவோம். தேர்வுக் குழுவுக்கு நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள் என்பதுதான் தேவை. ஒரு சம்பவத்தை எடுத்து, என்ன நிலைமை, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், என்ன விளைந்தது என்று "நான்" போட்டுச் சொல்லிப் பழகுங்கள். எழுத்து ஆங்கிலமும் முக்கியம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் குறிப்பேடும் அறிக்கையும் உண்டு. அவை நீதிமன்றம்வரை போகலாம். அலங்காரமில்லாமல், நடந்த ஒழுங்கில் எழுதும் ஆங்கிலம் போதும். உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். வானொலியில் தெளிவாகக் கேட்டால் சரி.

தமிழ் தெரிந்திருப்பது இங்கே வீண்போகாது. ஸ்காபரோ வளாகத்தில் எங்கள் சமூகம் காசு சேர்த்து நிறுவிய தமிழ் இருக்கை இருக்கிறது. தமிழ் மாணவர்கள் நிறையப் படிக்கிறார்கள். இரவில் மகள் தொலைபேசியை எடுக்கவில்லை என்று பதறி அழைக்கும் தாயிடம் "அம்மா, பதற்றப்படாதீர்கள், நான் போய்ப் பார்க்கிறேன்" என்று தமிழில் சொல்ல ஒருவர் இருப்பது சிறிய விடயமன்று. அதேவேளை, வளர்ந்த பிள்ளையைப் பற்றிய தகவலை அவருடைய சம்மதமின்றிப் பெற்றோருக்குக் கொடுக்க முடியாது. தமிழர் என்பதற்காக அந்த விதி தளராது. அந்தத் தகவலை மாமியும் சித்தப்பாவும் கேட்டு அழுத்தம் கொடுக்கும்போது மரியாதையாக மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

போராட்டங்களும் வரும். 2024 மே மாதம் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கொலிஜ் வட்டத்தில் பாலஸ்தீன ஆதரவு மாணவர்கள் கூடாரமடித்தார்கள். பல்கலைக்கழகம் நீதிமன்றம் சென்று, ஜூலை 2 அன்று தடையுத்தரவு பெற்றது. மறுநாள் மாணவர்கள் கலைந்தார்கள். இப்படியான வாரங்களில் உங்கள் சொந்த அரசியல் எதுவானாலும் சீருடையில் இருக்கும்வரை இரு தரப்பினரும் உங்களிடம் பாதுகாப்பை எதிர்பார்ப்பார்கள். 2009இல் ஈழப் போரை நிறுத்தக் கோரி ரொறன்ரோ வீதிகளில் நின்ற சமூகத்துக்கு, கூட்டத்தின் உள்ளே நிற்பவரின் மனம் தெரியும். அந்த அனுபவம் இந்தப் பணியில் கைகொடுக்கும்.

முதல் முறையிலேயே தெரிவாகாவிட்டால் எந்தக் கட்டத்தில் நின்றீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பல இடங்களில் சொல்வார்கள். வெற்றிடங்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில்தான் முதலில் வெளியாகும். அங்கே மின்னஞ்சல் அறிவித்தலுக்குப் பதிந்துகொண்டு, நிரந்தர வதிவிட அட்டை, கல்வி மதிப்பீடு, முதலுதவிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோப்பில் தயாராக வைத்திருங்கள். விண்ணப்பக் காலம் சில இடங்களில் இரண்டு வாரங்களுக்குள் முடிந்துவிடும்.